கிரீன் தெருவின் மாடிகளில் யார் யார் இருந்தார்கள்?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், ஹவுஸ்டன் தெருவுக்கும் பிரின்ஸ் தெருவுக்கும் நடுவே கிரீன் தெருவின் ஒரு சிறு துண்டு இருக்கிறது. அதன் நீளம் 486 அடி, ஏறத்தாழ 148 மீட்டர்; நிதானமாக நடப்பவர்கூட இரண்டு மூன்று நிமிடங்களில் கடந்துவிடுவார். நியூயார்க் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் ஈஸ்டர்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நானூறு ஆண்டுக் கதையை ஆவணங்களிலிருந்து தொகுத்திருக்கிறார்கள். விளைநிலம், வசதியானவர்களின் வீடுகள், பாலியல் தொழில் விடுதிகள், துணிக் கிடங்குகள், நொடித்துப்போன பட்டறைகள், ஓவியர்களின் கூடங்கள், ஆடம்பரக் கடைகள் என ஒரே மண்ணில் இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. ஆனால் அந்த மாற்றங்களில் அநேகமாக எதுவுமே அந்த 148 மீட்டருக்குள் தொடங்கியதல்ல. எங்கோ வெட்டப்பட்ட கால்வாயும், வேறிடத்தில் திறக்கப்பட்ட ரயில் நிலையமும், கட்டாமலே கைவிடப்பட்ட ஒரு சாலையும் இந்தத் தெருவில் யார் குடியிருப்பார்கள் என்பதைத் தீர்மானித்தன.

இவ்வளவு சிறிய இடத்தைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், வேறு வேலைகளுக்காக எழுதிவைக்கப்பட்ட பதிவுகள்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. 1850 முதல் அடிமைகளாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் அதில் இடம்பெற்றன. நகராட்சியின் சொத்துவரிப் பதிவேடு ஒவ்வொரு மனையின் மதிப்பையும் சொல்கிறது. இவற்றையெல்லாம்விடச் சுவையானவை தீ விபத்துக் காப்பீட்டுக்காக வரைந்த வரைபடங்கள். வில்லியம் பெர்ரிஸ் 1850களிலும், சான்போர்ன் நிறுவனம் 1867 முதலும் வெளியிட்ட இந்தப் படங்களில் செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக்கட்டடத்துக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள். எந்தக் கட்டடம் எளிதில் தீப்பிடிக்கும் என்ற கவலை மட்டுமே காப்பீட்டுக்காரருக்கு இருந்தது. அந்தக் கவலைதான் இன்று ஆய்வாளருக்குக் கட்டடம் கட்டடமாக ஒரு நகரத்தைத் திரும்பக் காட்டுகிறது.

நிலத்தின் பயன் ஏன் மாறுகிறது என்பதற்கு முதல் தெளிவான விடையைத் தந்தவர் ஜெர்மானியப் பண்ணையாளர் யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனென். சந்தைக்கு அருகே இருக்கும் நிலத்துக்கு வண்டிச்செலவு குறைவு, ஆகவே அங்கே பயிரிட விரும்புபவர் கூடுதல் குத்தகை தரத் துணிவார் என்று அவர் 1826இல் கணக்கிட்டுக் காட்டினார். 1964இல் நகரப் பொருளியல் ஆய்வாளர் வில்லியம் அலோன்சோ இதே தர்க்கத்தை நகரங்களுக்குப் பொருத்தினார்: ஒவ்வொரு மனையும் ஓயாத ஏலத்தில் இருக்கிறது; யாருக்கு அந்த இடத்தால் அதிக ஆதாயமோ அவரே கடைசியில் அதைப் பிடிப்பார். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த விடையில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. கட்டடம் தன்னைக் கட்டியவரைவிட நெடுநாள் வாழும் என்பது ஒன்று. ஏலத்தில் யார் கலந்துகொள்ளலாம் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது என்பது மற்றொன்று. கிரீன் தெருவில் இரண்டையும் பார்க்க முடிகிறது.

லெனாப்பே மக்களின் நிலமாக இருந்த இந்தத் தீவின் தென்முனையில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஒரு சிற்றூரை அமைத்தார்கள். உள்ளூர் மக்களுடன் போர் நடந்துகொண்டிருந்த 1644இல், அதுவரை டச்சு நிறுவனத்தின் அடிமைகளாக இருந்த 11 ஆப்பிரிக்க ஆண்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் பாதி விடுதலை வழங்கப்பட்டது. அவர்களையும் அவர்களைப் போன்றோரையும் ஊருக்கு வடக்கே குடியமர்த்தினார்கள். ஆண்டுக்கு 30 ஸ்கெப்பல் (டச்சு முகத்தலளவை) தானியமும் ஒரு கொழுத்த பன்றியும் செலுத்த வேண்டும், பிள்ளைகள் அடிமைகளாகவே இருப்பார்கள் என்பவை நிபந்தனைகள். பண்ணை நிலம் என்று கொடுத்தாலும், வடக்கிலிருந்து தாக்குதல் வந்தால் முதலில் மாட்டிக்கொள்ளும் வரிசை அது. 1664இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1712இன் ஒரு சட்டம் புதிதாக விடுதலை பெறும் கறுப்பினத்தவர் நிலம் வைத்திருப்பதையே தடுத்தது. ஏலத்தில் ஒரு தரப்பை அரங்கத்துக்கு வெளியே நிறுத்திவிடும் இத்தகைய சட்டங்கள், மனையின் விலையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிறகு இந்தப் பகுதி பேயார்ட் குடும்பத்தின் பெரும் பண்ணையாக இருந்தது. அந்தக் குடும்பத்து மருமகன் வில்லியம் ஹூஸ்டனின் பெயரே ஹவுஸ்டன் தெருவுக்கு வந்தது. கிரீன் தெருவின் பெயர் அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி நத்தானியல் கிரீனுடையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பண்ணை மனைகளாகத் துண்டாடப்பட்டபோதும் உடனே வீடுகள் எழவில்லை. நகருக்கும் இந்த இடத்துக்கும் நடுவே ஒரு குளமும் சதுப்பும் கிடந்தன. 1811 வாக்கில் குளம் தூர்க்கப்பட்டது. சதுப்பின் நீரை வடிக்க வெட்டிய வாய்க்காலை மூடி அதன்மேல் போட்ட சாலைதான் இன்றைய கனால் தெரு. மனையில் ஒரு கல்கூட நகராமலே அதன் மதிப்பு ஏறத் தொடங்கியது இங்கேதான். 1800இல் 60,515 பேர் வாழ்ந்த நகரில் 1820இல் 1,23,706 பேர் இருந்தார்கள். 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு, கண்டத்தின் உட்பகுதித் தானியமெல்லாம் நியூயார்க் துறைமுகத்துக்கு வரத் தொடங்கியதும் வணிகர்கள் பெருகினார்கள். கிரீன் தெருவில் செங்கல் வரிசை வீடுகள் எழுந்தன. வசதியான குடும்பங்கள் குடியேறின.

அவர்கள் நீண்ட காலம் தங்கவில்லை. 1850இல் மக்கள்தொகை 5,15,547 ஆகிவிட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிராட்வேயில் பெரிய ஓட்டல்களும் நாடக அரங்குகளும் கடைகளும் வந்துவிட்டன. 1853இல் திறந்த செயின்ட் நிக்கலஸ் ஓட்டல் அவற்றில் ஒன்று. ஓட்டலுக்கு வரும் வெளியூர் ஆண்களை நம்பிப் பாலியல் தொழில் விடுதிகள் பக்கத்துத் தெருக்களில் பெருகின, அதிலும் கிரீன் தெரு பேர்போனது. எந்த வீட்டை யார் நடத்துகிறார் என்று விவரம் சொல்லும் கையேடு ஒன்று 1870இல் அச்சிடப்பட்டே விற்கப்பட்டது. குடும்பங்கள் வடக்கே நகர நகரக் காலியான வீடுகளுக்கு, மற்றவர்களால் தர முடியாத வாடகையை விடுதி நடத்துபவர்கள் தந்தார்கள், வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒழுக்கச் சீர்கேட்டால் தெரு சரிந்தது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. வரிசையைத் தலைகீழாகப் படித்த கதை அது என்பது என் கருத்து. குடும்பங்களை முதலில் நகர்த்தியது பிராட்வேயின் வணிகம்.

விடுதிகளையும் ஒழுக்கப் பிரசாரம் வெளியேற்றவில்லை, துணி வெளியேற்றியது. 1870களிலும் 1880களிலும் பழைய வீடுகளை இடித்துவிட்டு ஐந்தாறு மாடி வார்ப்பிரும்புக் கட்டடங்களைத் துணி மொத்த வியாபாரிகளுக்காக எழுப்பினார்கள். இத்தெருவில் பல கட்டடங்களை வடிவமைத்தவர் ஹென்றி ஃபெர்ன்பாக். இந்தக் கட்டடங்களின் உடற்கூறைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்த அனைத்தும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

நியூயார்க் மனையின் வழக்கமான அளவு 25 அடி அகலம், 100 அடி நீளம். சுற்றிலும் செங்கல் சுவர், வெளிச்சத்துக்கு முன்னும் பின்னும் மட்டுமே வழி. செங்கல் சுவரே பாரத்தைச் சுமந்தால் அது தடிமனாக இருக்க வேண்டும், சன்னல் சிறுத்துவிடும். வார்ப்பிரும்பு இழுவிசையில் எளிதில் உடையும், ஆனால் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆகவே மெல்லிய தூண்களாக நிறுத்தப் பொருத்தமானது. முகப்பை இரும்பில் வார்த்துத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து மரையாணியால் முடுக்கினால், தூணுக்குத் தூண் முழுவதையும் கண்ணாடியாக்கலாம். உள்ளேயும் தூண்கள் தாங்குவதால் தடுப்புச் சுவரில்லாத நீண்ட கூடம் கிடைத்தது. துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். துணிக்குவியல் நடுவே எரிவாயு விளக்கைக் கொளுத்துவதோ ஆபத்து. கல்லில் செதுக்கியதுபோல் தோன்றும் இம்முகப்புகளில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நடைபாதையில்கூட இந்த வெளிச்சப் பசி தெரிகிறது: இரும்புத் தகட்டில் வரிசையாகப் பதித்த வட்டக் கண்ணாடிகள் தெரு வெளிச்சத்தைத் தரைக்குக் கீழுள்ள தளத்துக்குள் இறக்கின. தாடியஸ் ஹயாட் 1845இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. அந்தக் காலக் கண்ணாடியில் நிறம் நீக்கச் சேர்த்த மாங்கனீசு, நூறாண்டுக்கும் மேலாகப் புறஊதாக் கதிர் பட்டதில் இன்று ஊதா நிறம் காட்டுகிறது.

மேல்மாடிக்கு வாடகை கிடைக்க வேண்டுமென்றால் படி ஏறாமல் போக வழி வேண்டும். 1857இல் சற்றுத் தெற்கே, பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த ஹாவவுட் கடையில் ஓட்டிஸ் நிறுவனம் பயணிகளுக்கான லிப்டை நிறுவியது. அந்தக் கருவி பரவியபின் ஒரே மனை ஐந்து ஆறு மனைக்குச் சமமாகச் சம்பாதித்தது.

துணிக்காரர்கள் எல்லோரும் ஏன் ஒரே இடத்தில் நெருக்கியடித்தார்கள்? வாங்க வருபவர் நாலு கடை ஏறி ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவார், ஆகவே தனியே கடை போடுபவருக்கு ஆள் வராது. ஆனால் இந்தத் திரட்சி எவ்வளவு வேகமாகச் சேர்கிறதோ அவ்வளவு வேகமாகக் கலையவும் கூடும். 1910இல் பென்சில்வேனியா ரயில் நிலையம் 30ஆம் தெருவுக்கு அப்பால் திறந்தது. வெளியூர் வியாபாரி இறங்கும் இடமும் தங்கும் ஓட்டலும் வடக்கே போயின. கிரீன் தெருவிலேயே, ஹவுஸ்டனுக்கு வடக்கே, 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குடியேறிய இளம்பெண்கள். அதன்பின் வந்த பாதுகாப்பு விதிகளுக்குப் பழைய மாடிகளைவிடப் புதிய கட்டடங்கள் ஏற்றவையாக இருந்தன. ஆடைப் பட்டறைகள் தங்கள் பக்கம் வரக் கூடாது என்ற ஐந்தாம் அவென்யூ வணிகர்களின் வற்புறுத்தலும் சேர்ந்து 1916இல் நகருக்கு முதல் முழுமையான நிலப் பயன்பாட்டு விதி வந்தது. ஆடைத்தொழில் 1920களில் ஏழாம் அவென்யூவில் குவிந்தது. ஒரு வியாபாரி போனதும் அவரை நம்பியிருந்த அடுத்தவரும் போக நேர்ந்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகளை ஆவணங்கள் சுருக்கமாகவே சொல்கின்றன: கந்தல், பழைய தாள், சிறு பட்டறை, அடிக்கடி தீ. தீயணைப்புத் துறையினர் இந்தப் பகுதியை 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்றார்கள். 1941 முதலே திட்டத்தில் இருந்த பத்துத் தட உயர்மட்ட விரைவுச்சாலை ஒன்று புரூம் தெரு வழியே தீவைக் குறுக்கே வெட்டிச் செல்லவிருந்தது. இடிக்கப்படலாம் என்ற பேச்சு இருக்கும்வரை யாரும் அங்கே புதிதாகக் கட்ட மாட்டார்கள், கடனும் கிடைக்காது. 1962இல் நிராகரிக்கப்பட்ட திட்டம் மீண்டும் தலைதூக்கி 1969இல்தான் ஒழிந்தது. ஆனால் வெறுமையாகக் கிடந்த நிலம் என்று எண்ணிவிடக் கூடாது. நகரத் திட்ட வல்லுநர் செஸ்டர் ராப்கின் 1963இல் அளித்த அறிக்கை, இங்குள்ள சிறு தொழில்களில் ஏராளமான புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் கறுப்பினத்தவரும் பெண்களும் வேலை செய்வதைக் காட்டியது. அந்த வேலைகளும் பின்னர் கரைந்தன.

துணிப்பொதிக்காகக் கட்டிய கூடம் இங்கே புது வேலைக்கு வந்தது. ஆளுயரத்தைத் தாண்டிய ஓவியங்களை வரைபவருக்கும், உலோகத்தைப் பற்றவைத்துச் சிற்பம் செய்பவருக்கும் தேவையானவை உயர்ந்த கூரை, தடுப்பில்லாத தரை, பாரம் தாங்கும் தளம், சரக்கு லிப்ட், பெரிய சன்னல். ஐந்தும் தயாராகக் கிடந்தன, வாடகையும் மலிவு. மலிவுக்கு ஒரு காரணம், தொழிற்பகுதியில் குடியிருப்பது சட்டவிரோதம் என்பது. 1961இல் நகராட்சியுடன் ஒரு சமரசம் ஏற்பட்டது: உள்ளே ஆள் இருப்பது தீயணைப்பு வீரருக்குத் தெரியும்படி, கலைஞர் எந்த மாடியில் வசிக்கிறார் என்ற பலகையை வாசலில் மாட்ட வேண்டும். 1971இல் நகராட்சி சான்று பெற்ற கலைஞர்கள் மட்டும் குடியிருக்க அனுமதித்தது. 1973இல் வார்ப்பிரும்பு முகப்புகள் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பகுதியாயின. 1975இல் ரிச்சர்ட் ஹாஸ், பிரின்ஸ் தெருச் சந்திப்பிலுள்ள ஒரு வெற்றுச் செங்கல் சுவரில் வார்ப்பிரும்பு முகப்பையே ஓவியமாகத் தீட்டினார். இரும்பு கல்போல் நடித்த தெருவில் வண்ணம் இரும்புபோல் நடித்தது.

புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் வாடகை இடைவெளி என்ற கருத்தை முன்வைத்தார். ஓரிடம் இப்போது தரும் வாடகைக்கும், வேறு பயனில் தரக்கூடிய வாடகைக்கும் உள்ள இடைவெளி போதிய அளவு விரிந்ததும் பணம் பாய்ந்து வரும் என்பது அதன் சாரம். விரைவுச்சாலை அச்சத்தால் முப்பதாண்டு தாழ்ந்தே கிடந்த வாடகை, அழகிய முகப்புகள், கூடவே கலைஞர்களால் கிடைத்த பெயர் மூன்றும் சேர்ந்து அந்த இடைவெளியை மிகப் பெரிதாக்கியிருந்தன. ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் கலைக்கூடங்கள் வந்தன, வாடகை ஏறியதும் 1990களில் அவற்றில் பல மன்ஹாட்டனிலேயே உள்ள செல்சீ பகுதிக்குப் பெயர்ந்தன. 2002இல் கிரீன், பிரின்ஸ் தெருக்கள் சந்திக்கும் முனையிலிருந்த பழைய அஞ்சலகத்தில் ஆப்பிள் கடை திறந்தது.

மாடிகளில் இன்று வாழ்வோரில் கையில் தூரிகை பிடிப்பவர்கள் சிலரே. ஆனால் 1971இன் விதி ஏடுகளில் தொடர்ந்தது; பல வீடுகளின் ஆவணத்தில் அவை கலைஞர் வசித்து வேலை செய்யும் இடம் என்றே பதிவாகியிருந்தன. 2021 டிசம்பரில் நகர மன்றம் இப்பகுதியின் நிலப் பயன்பாட்டு விதியைத் திருத்தியபோது, அந்தப் பதிவைச் சாதாரணக் குடியிருப்பு என்று மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. மாற்ற விரும்புபவர் சதுர அடிக் கணக்கில் ஒரு தொகையைக் கலைகளுக்கான நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அதனுடன் வந்த நிபந்தனை.