கிளையன்ட் – வாங்கி: சொல் விளக்கம்

கணினி வலையமைப்பில், தானே முன்சென்று இணைப்பைக் கோரி, ‘வழங்கி’ (சர்வர்) எனப்படும் மறுமுனை நிரலிடமிருந்து மறுமொழி பெறும் நிரலைக் ‘கிளையன்ட்’ என்கிறோம். உலாவியும் அதுவே, பாதுகாப்பான வழங்கிகளைச் சோதிப்பதற்குக் கட்டளைவரியில் இயக்கும் சிறு நிரலும் அதுவே.

இதன் மூலம் ‘கிளியென்ஸ்’ என்னும் லத்தீன் சொல். பண்டைய ரோமில் செல்வாக்குள்ள ஒருவரை அண்டி, வழக்கிலும் வாழ்விலும் அவருடைய காப்பைப் பெற்றவருக்கு அப்பெயர் வழங்கிற்று. காலையில் புரவலரின் வீட்டுக்குச் சென்று வணங்குவது அவருடைய கடமை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல், வழக்கறிஞரை நாடுபவரைக் குறித்தது. அப்பொருளில் நம்மிடம் ‘கட்சிக்காரர்’ உண்டு. கணினித் துறையிலோ, இணையத்தின் முன்னோடி வலையமைப்பாகிய அர்ப்பாநெட்டின் 1969ஆம் ஆண்டு ஆவணங்கள் ‘சர்வர்’ என்பதற்கு இணையாக ‘யூசர்’ என்றே எழுதின. ‘கிளையன்ட்’ பின்னரே வந்தது.

தமிழில் ‘வாடிக்கையாளர்’ இங்கே பொருந்தாது. அது வணிகத்தையும் மனிதரையும் சுட்டுவது. ‘வழங்கி’ என்பதற்கு இணையாக ‘வாங்கி’ என்பதே தக்கது. உலாவு என்பதிலிருந்து உலாவி பிறந்தது போல, வாங்கு என்பதிலிருந்து வாங்கி பிறக்கிறது. ‘ஒலிவாங்கி’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ‘வாங்கி’ வினையெச்சமாகவும் வருமே என்பார்க்கு, ‘வழங்கி’யும் அப்படியே என்பது விடை. வாங்குதல் வெறும் பெறுதலும் அன்று. கைநீட்டுபவரின் முனைப்பு அதில் அடங்கியுள்ளது.

அம்முனைப்பை, தரவை மறையாக்கி அனுப்பும் நெறிமுறையாகிய டிஎல்எஸ் வழி அமையும் இணைப்பில் தெளிவாகக் காணலாம். முதற்செய்தியாகிய ‘கிளையன்ட் ஹலோ’வை அனுப்புவது வாங்கிதான், தான் ஏற்கும் நெறிமுறைப் பதிப்புகளையும் மறையாக்க முறைகளையும் அதில் அடுக்குகிறது, வழங்கி அவற்றுள் ஒன்றைத் தேர்கிறது. பைத்தான் நிரல்மொழியில், வலையமைப்பு இணைப்பின் முனையாகிய ஒரு சாக்கெட்டை வழங்கியின் 443ஆம் துறையுடன் (போர்ட்) இணைத்து, அதனை எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸின் முன்னோடி) பெயர் தாங்கிய பாதுகாப்புச் சூழலால் உறையிட்டு, வழங்கியின் பெயரையும் கொடுத்துவிட்டால், பத்துப் பன்னிரண்டு வரிகளில் இத்தகைய வாங்கி அமைந்துவிடும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருள் தொகுப்பிலுள்ள ‘எஸ்_கிளையன்ட்’ என்னும் கட்டளை இவ்வகையில் நன்கறியப்பட்டது. அது வழங்கியின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்ச் சங்கிலியைக் காட்டி, சரிபார்ப்பின் முடிவை ஓர் எண்ணாகத் தருகிறது: 0 எனில் குறையில்லை, 10 எனில் சான்றிதழ் காலாவதி, 18 எனில் வழங்கி தனக்குத்தானே ஒப்பமிட்டுக்கொண்டது. குறை கண்டாலும், இயல்பான அமைப்பில் அது இணைப்பைத் துண்டிப்பதில்லை, ஏனெனில் ஆராய்வதே அதன் வேலை. ஆகவே அதனைச் ‘சோதனை வாங்கி’ என அடைகொடுத்து வழங்குவதே முறை. பயனரின் கடவுச்சொல்லைக் கொண்டுசெல்லும் வாங்கி அந்நிலையில் உடனே விலகியாக வேண்டும்.