பாக்சிங் டே: எந்தப் பெட்டியின் நாள்?

டிசம்பர் 26 நெருங்கினால் விளையாட்டுப் பக்கங்களில் ‘பாக்சிங் டே டெஸ்ட்’ வந்துவிடும். மெல்பர்னில் நடப்பது கிரிக்கெட். குத்துச்சண்டை அங்கே எப்படி வந்தது?

வரவே இல்லை. இங்கே ‘பாக்ஸ்’ என்பது பெட்டி. வண்ணத்தாள் சுற்றிய பரிசுப் பெட்டி என்று எண்ணிவிடக் கூடாது. அது வேலைக்காரப் பையன்கள் காசு சேர்த்த பெட்டி.

1611இல் ராண்டல் காட்கிரேவ் வெளியிட்ட பிரெஞ்சு-ஆங்கில அகராதியில் ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ என்ற சொல் இருக்கிறது. காசு போட மூடியிலோ பக்கத்திலோ பிளவு வைத்த பெட்டி என்று அதற்கு விளக்கமும் இருக்கிறது. பிரான்சில் இரந்துண்ணும் துறவியரும், இங்கிலாந்தில் வீட்டுப் பணியாளரும் தொழில் பழகும் பையன்களும் அதை வைத்திருந்தார்கள். சுட்ட மண்ணால் செய்த பெட்டிகளும் உண்டு. அவற்றைத் திறக்க வழியில்லை; கிறிஸ்துமஸ் வந்ததும் உடைத்துத்தான் காசை எடுக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளின் மண் உண்டியலேதான்!

1663 டிசம்பர் 19 அன்று செருப்புத் தைப்பவரின் பாக்கியைத் தீர்த்துவிட்டு, அங்கிருந்த பையன்களின் பெட்டியிலும் ஏதோ போட்டதாக லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நாளடைவில் பெட்டியின் பெயர் அதில் விழும் காசுக்கே ஆகிவந்தது; நம் இலக்கணம் சொல்லும் ஆகுபெயர்தான். தபால்காரரும் கடைப் பையன்களும் அந்தக் காசைப் பெற வீடு வீடாகப் போன நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். 1871ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் அதை வங்கி விடுமுறையாக்கியது. தேவாலயக் காணிக்கைப் பெட்டியே மூலம் என்பாரும் உண்டு. எனக்கு உழைப்பவரின் பெட்டியே வலுவாகப் படுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘குத்துச்சண்டை நாள்’ முழுப் பிழை. ‘பரிசுப் பெட்டி நாள்’ கொடுப்பவரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வழக்கத்தை வைத்துப் பார்த்தால் தபால்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நாம் தரும் தீபாவளி இனாமே மிக நெருக்கம். ஆனால் ‘இனாம்’ அரபுச் சொல், பெட்டியும் அதில் இல்லை. யாழ்ப்பாணத்தார் சித்திரைப் புத்தாண்டில் தரும் கைவிசேடம் அழகான சொல், என்றாலும் அது பெரியவர் கையால் வாழ்த்திக் கொடுப்பது.

என் தேர்வு ‘உண்டியல் நாள்’. கோயில் உண்டியல் நினைவுக்கு வரும் என்று தயங்குபவர்கள் ‘மண் உண்டியல் நாள்’ எனலாம். மெல்பர்ன் ஆட்டத்தை மட்டும் ‘பாக்சிங் டே டெஸ்ட்’ என்றே விட்டுவிடலாம். அது அந்த ஆட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.