சார்லமேன்: ‘ஆள்’ அரசனான சொல்

மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட இடைக்காலப் பேரரசர் ஒருவரைப் பள்ளி வரலாற்றில் ‘சார்லமேன்’ என்று படித்திருப்போம். ‘ஷார்லமேன்’, ‘சார்லிமேன்’ என்றும் எழுதுகிறார்கள். ‘மேன்’ என்று முடிவதால், ஆங்கிலத்தில் மனிதனைக் குறிக்கும் சொல்தான் அது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இந்தப் பெயருக்குள் ஒரு மனிதன் உண்மையாகவே இருக்கிறான். ஆனால் அவன் இருப்பது பெயரின் தலைப்பகுதியில்.

வாலை முதலில் பார்ப்போம். இலத்தீனில் இவர் கரோலுஸ் மாக்னுஸ். மாக்னுஸ் என்றால் பெரிய. பிரெஞ்சுக்காரர் வாயில் இரண்டு சொற்களும் தேய்ந்து ஒட்டி ‘ஷார்ல்மாஞ்’ ஆயின. அது ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தபோது ‘மேன்’ என்று மாறிவிட்டது. வடமொழியின் ‘மகா’வும் இந்த மாக்னுஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. அதனால் ‘மகா சார்லமேன்’ என்று எழுதினால் ஒரே அடைமொழியை முன்னும் பின்னும் கட்டியதாகும்.

இனித் தலை. கரோலுஸ் என்பது இலத்தீனுக்காக உடுத்திய உடை. இவருடைய இனத்தாரான பிராங்கியர் பேசிய ஜெர்மானிய மொழியில் பெயர் ‘கார்ல்’. ஆண்மகன், யாருக்கும் அடிமையாக இல்லாத ஆள் என்பது அதன் பழம்பொருள். இதே வேர் ஆங்கிலத்தில் ‘சர்ல்’ என்று இறங்கி, பண்பற்ற முரடனைத் திட்டும் சொல்லாகவே போய்விட்டது.

இந்த எளிய பெயர் அரியணைக்கு வந்ததில் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. பிராங்கியரை ஆண்ட மெரோவிங்கிய அரசர்கள் குளோவிஸ், சில்டெரிக் போன்ற பெயர்களைச் சூடியவர்கள். காலப்போக்கில் முடி அவர்கள் தலையில் இருக்க, அதிகாரம் அரண்மனை மேலாளர்களின் கைக்குப் போனது. அப்படி ஒரு மேலாளர்தான் 732இல் இன்றைய பிரான்சின் புவாத்தியே அருகே அரபுப் படையைத் தடுத்த கார்ல் மார்ட்டெல். கடைசிவரை அவர் அரசராகவில்லை. அவர் மகன் பெப்பின் 751இல் கடைசி மெரோவிங்கியரை மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே முடிசூடினார். 768இல் பெப்பின் இறந்ததும் நாடு அவருடைய இரு மகன்களுக்கும் பிரிந்தது. 771இல் தம்பி கார்லோமான் இறக்க, முழு நாடும் மூத்தவர் கார்லிடம் வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்கிய இவர்தான் நம் சார்லமேன்.

774இல் இத்தாலியின் லம்பார்டு நாடு அவர் கைக்கு வந்தது. வட ஜெர்மனியில் வாழ்ந்த சாக்சன்களோடு 772இல் தொடங்கிய போர் 804 வரை நீண்டது. 782இல் வெர்டன் என்ற இடத்தில் ஒரே நாளில் 4,500 சாக்சன்களின் தலையை வெட்டச் சொன்னார் என்று பிராங்கியரின் அரச ஆண்டுக்குறிப்பே எழுதிவைத்திருக்கிறது. ‘பெரிய’ என்ற அடைமொழியை எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வந்து கையைத் தடுக்கிறது. அதே மனிதர்தான் இங்கிலாந்தின் யார்க் நகரத்து அறிஞர் அல்குயினை வரவழைத்துப் பள்ளிகளைச் செழிக்க வைத்தார். தலையணையின் கீழ் எழுத்துப்பலகை வைத்துக்கொண்டு முதிய வயதில் எழுதப் பழகினார். கை வசப்படவில்லை என்கிறார் அவருடன் வாழ்ந்து அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு.

800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் போப் மூன்றாம் லியோ அவருக்குப் பேரரசராக முடிசூட்டினார். அதன்பின் அவர் ஆவணங்களில் வரும் பட்டத்தில் ‘கடவுளால் முடிசூட்டப்பட்ட, பெரிய, அமைதி நல்கும் பேரரசர்’ என்ற தொடர் உண்டு. ‘மாக்னுஸ்’ அங்கே பதவிக்குத்தான் அடை. பெயரோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது பின்னால்.

814இல் ஆகன் நகரில் அவர் இறந்தார். பெயர் மட்டும் கிழக்கே நடந்துகொண்டே இருந்தது. போலிய மொழியில் ‘குரூல்’, செக்கில் ‘க்ரால்’, ரஷ்யனில் ‘கரோல்’, ஹங்கேரியனில் ‘கிராய்’: எல்லாவற்றுக்கும் அரசன் என்றே பொருள். கார்ல் என்ற இவர் பெயரே அங்கே பொதுச்சொல்லாகிவிட்டது என்பது சொல்லாய்வாளர் பெரும்பாலோர் கருத்து. சீசரின் பெயர் ஜெர்மனில் ‘கைசர்’ ஆனது போலத்தான். ஆனால் இங்கே வியப்பு கூடுதல்: வெறும் ‘ஆள்’ என்ற சொல், ஆள்பவனைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்திருக்கிறது. தமிழில் ‘ஆள்’ என்ற ஒரே வடிவம் மனிதனையும் குறிக்கும், ஆளும் வினையையும் குறிக்கும் என்பதால் இந்த ஏற்றம் நமக்குச் சட்டென்று புரியும்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ‘பேராளன்’. ஆழ்வார்கள் திருமாலைப் பாடிய அழகான சொல் அது. ஆனால் இன்று பேராளர் என்றால் மாநாட்டுக்கு வந்தவர் என்று ஆகிவிட்டது. ஆட்பெயரை முழுக்க மொழிபெயர்ப்பதும் முறையில்லை. அடைமொழியை மட்டும் தமிழாக்கினால் போதும். அதற்குச் சங்க காலத்திலேயே வழி இருக்கிறது: பெருஞ்சேரல் இரும்பொறை, பெருநற்கிள்ளி. அந்த வழியில் ‘பெருங்கார்ல்’. பதவியைக் குறிக்கப் ‘பேரரசர்’ என்ற சொல்லே தெளிவு.

பழகிய பெயரை ஒரேயடியாகக் கைவிட வேண்டாம். கட்டுரையின் முதல் வரியில் ‘சார்லமேன் எனப்படும் பேரரசர் பெருங்கார்ல்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதன்பின் ‘கார்ல்’ என்றே எழுதிக்கொண்டு போகலாம்.