பனிச்சறுக்குத் தளங்களுக்குக் கூட்டம் எப்படி வருகிறது?

மார்கழி பிறந்தால் போதும், எங்கள் சுற்றுலா ஏற்பாட்டு அலுவலக வாட்ஸ்அப்பில் பனிமலைப் படங்களாக வந்து குவியும். குல்மார்க், ஔலி, மணாலி, கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு சுவிட்சர்லாந்தும் ஜப்பானும். எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான்: நீல வானம், வெள்ளைச் சரிவு, அதில் பறப்பதுபோல் இறங்கும் ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து இன்னும் கூட்டம் வர என்ன செய்யலாம் என்ற கேள்வியும் கூடவே வரும்.

படத்தில் பறக்கிறாரே, அவருக்கு விளம்பரமே தேவையில்லை. எந்தச் சரிவில் எப்போது பனி விழும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் என்று நாம் சொல்வது ஈரோட்டிலிருந்து கிளம்பும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை. அவர்கள் எங்களிடம் கேட்பதெல்லாம் வேறு. பையனுக்கு என்ன உடுப்பு போடுவது, அம்மாவுக்கு மூட்டுவலி, பனியில் நடக்க முடியுமா, குளியலறையில் வெந்நீர் வருமா, எல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு ஆகும்? பனிச்சறுக்குத் தளங்களின் விளம்பரங்களில் இதற்கெல்லாம் பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஸ்கீ என்பது சறுக்குவதற்குக் காலில் மாட்டும் நீளப் பலகை; அதற்கான பூட்ஸ் கணுக்காலை அசையவிடாத கனத்த பிளாஸ்டிக் கூடு. காலை உள்ளே நுழைத்து, குதிகாலைத் தட்டி உட்கார வைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஜீன்ஸின் அடிப்பகுதி உள்ளே மாட்டிக்கொண்டால் அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் வலிக்க ஆரம்பிக்கும். பருத்திக் காலுறை நனைந்தால் விரல் விறைத்துப்போகும். அந்தக் கோலத்தில் இரண்டு ஸ்கீயையும் தோளில் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். அதுவரை சரிவில் ஒரு அடிகூட சறுக்கியிருக்க மாட்டார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் கோபம் ஏறியிருக்கும்.

அமெரிக்கப் பனிச்சறுக்குத் துறையே பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு ஒன்று உண்டு. முதல்முறை முயன்று பார்ப்பவர்களில் நூற்றுக்கு 20 பேர்கூட அதைத் தொடர்வதில்லை. புது ஆளைக் கூட்டிவரப் பணத்தைக் கொட்டிவிட்டு, வந்தவரைத் தக்கவைக்க ஒன்றும் செய்யாவிட்டால் என்ன பயன்? வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டன் தளம் இதற்கு ஒரு வழி கண்டது. நான்கு நாள் பயிற்சியை முடிப்பவருக்கு ஒரு ஜோடி புது ஸ்கீயை இலவசமாகக் கொடுத்து அனுப்பியது. வீட்டு மூலையில் சொந்த ஸ்கீ சாய்ந்திருந்தால் அடுத்த குளிர்காலம் சும்மா விடுமா?

ஜப்பானின் காலா யுசாவா தளம் கண்ட வழி இன்னும் எளிமையானது. டோக்கியோவில் ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம். ரயில் நிலையமும் பனிச்சறுக்கு மையமும் ஒரே கட்டடம். டிக்கெட் கேட்டைத் தாண்டினால் வாடகை கவுண்டர். பூட்ஸ், ஸ்கீ, மேலுடுப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும். அப்படியே கோண்டோலா என்ற கேபிள் காரில் ஏறி மேலே போய்விடலாம். சறுக்க வராதவர்களுக்குப் பனியில் விளையாடத் தனி இடமும், குளிரில் நடுங்கித் திரும்பினால் வெந்நீர்க் குளியலும் உண்டு. வெறுங்கையோடு போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு டோக்கியோ திரும்பிவிடலாம். ஜப்பான் போகும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். அதைவிட அழகான மலைகள் அங்கே நிறையவே இருக்கின்றன, ஆனால் அவற்றில் முதல் நாளைக் கடப்பது பெரும்பாடு.

இதே ஜப்பானில் 1990-களில் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் பனிச்சறுக்குக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2010-களில் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2011-இல் ரெக்ரூட் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 19 வயதானவர்களுக்குச் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இலவசம். ஒரு தளத்தில் மட்டும் அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களில். பள்ளி முடித்துக் கல்லூரியில் புது நண்பர்களோடு சுற்றுகிற வயது அது. இருபது பேர் கூடுதலாக ஏறினாலும் லிஃப்டுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய அதேதான். ஆனால் 19 வயதுக்காரர் தனியாக வரமாட்டார். கூட வரும் 21 வயதுக்காரர் டிக்கெட் எடுப்பார், இருவரும் ஸ்கீ வாடகைக்கு எடுப்பார்கள், மதியம் ராமென் சாப்பிடுவார்கள். கனடாவிலும் 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுபோன்ற ஒரு பாஸ் இருக்கிறது. பிள்ளை போனால் பெற்றோரும் போகத்தானே வேண்டும்.

அடுத்து விலை. 1998-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள போகஸ் பேசின் தளம், சீசன் முழுக்கச் சறுக்க உதவும் சீசன் பாஸை 199 டாலருக்கு இறக்கியது, விற்பனை பல மடங்கு எகிறியது. 2016-இல் சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே தளம், 1,050 ஃபிராங்க் சீசன் பாஸை 222 ஃபிராங்குக்குத் தருவதாக அறிவித்தது. 99,999 பேர் சேர்ந்தால்தான் உண்டு என்பது நிபந்தனை. சேர்ந்தது சுமார் 75,000 பேர், ஆனாலும் கொடுத்தார்கள். சீசனுக்கு முன்பே பணம் கைக்கு வந்துவிடுகிறது, அப்புறம் பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தளம் பிழைத்துக்கொள்ளும். 2008-இல் அமெரிக்காவின் வேல் (Vail) பனிச்சறுக்கு நிறுவனம் 579 டாலருக்குக் கொண்டுவந்த எபிக் பாஸ் என்ற சீசன் பாஸின் கணக்கும் இதுதான்.

பயணிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. பாஸ் வாங்கத் தூண்டுவதற்காகவே ஒருநாள் டிக்கெட்டின் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அந்த வேல் நிறுவனத்தின் வேல் மலையில் கூட்ட நாளில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போன இடத்தில், சரி, ஒரு நாள் பார்த்துவிட்டு வருவோம் என்று கவுண்டரில் போய் நின்றால் அந்த விலைதான். இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் சின்ன மலைக்குப் போங்கள். முதல் நாள் பழகும் சரிவு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இன்னொன்று, பனி அளவில் பொய் சொல்லும் பழக்கம். டார்ட்மவுத் கல்லூரிப் பொருளாதார அறிஞர்கள் ஜோனதன் சின்மனும் எரிக் ஸிட்செவிட்ஸும் அமெரிக்கத் தளங்கள் வெளியிட்ட பனி அறிக்கைகளை அரசு வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வார இறுதிகளில் மட்டும் புதுப்பனி 23 சதவீதம் கூடுதலாகப் பெய்ததாகத் தளங்கள் சொல்லியிருந்தன. வானத்துக்கு சனி, ஞாயிறு தெரியுமா என்ன! பனிச்சறுக்குக்காரர்கள் மலையிலிருந்தே போன் செயலியில் நிலவரத்தைப் பதிவிட ஆரம்பித்ததும் இந்த மிகைப்படுத்தல் குறைந்துவிட்டது. ஆகவே எந்தத் தளமானாலும் நேரலை வெப்கேமரா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தளக்காரர்களுக்கும் நான் சொல்வது இதுதான், கேமராவைத் திறந்து வையுங்கள்.

உண்மையைச் சொல்லியே கூட்டம் சேர்க்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்ட் தளம் இருக்கிறது. ரொம்பச் செங்குத்து, ரொம்பக் கடினம் என்று திட்டி ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் விமர்சனங்களையே 2017-இல் அது விளம்பரமாகப் போட்டது. கடினமான மலை தேடுபவர்களுக்கு அந்தத் திட்டே அழைப்பிதழ் ஆனது. புதியவர்களும் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளவில்லை.

காஷ்மீரின் குல்மார்க்குக்கு வருவோம். 2024 ஜனவரியில் அங்கே பனியே இல்லை, புல்வெளி காய்ந்து கிடந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். இருந்தும் டிசம்பர் பேக்கேஜ் விளம்பரங்களில் பழைய பனிப்படம்தான் ஓடுகிறது. அடிவார ஊரான தங்மார்க்கில், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறுவது, கம் பூட்ஸும் கோட்டும் வாடகைக்கு எடுப்பது, சறுக்கு வண்டி இழுப்பவர்களோடு பேரம் பேசுவது என்று ஒவ்வொரு அடியிலும் புது விலை கேட்டே நம் குடும்பங்கள் களைத்துப்போகின்றன. இவை அத்தனையும் சேர்த்து ஒரே விலையாக ஊரிலேயே சொல்லிவிட்டால், எந்தப் பளபளப்பான படத்தையும்விட அதிகம் பேர் வருவார்கள். கோண்டோலா டிக்கெட்டை அரசுக் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டம், அதாவது அபர்வத் மலைக்குப் போவது, நின்றுவிடும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ், 1968 முதல் குல்மார்க்கில் ஒரு பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. தங்குமிடம், சாப்பாடு, ஸ்கீ, பயிற்றுநர் எல்லாம் சேர்த்து நியாயமான கட்டணத்தில் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் இதைக் கேள்விப்பட்ட மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வரும் சீசனில் கல்லூரிக் குழுக்கள் கேட்டு வந்தால், இரண்டு நாள் பேக்கேஜுக்கு முன்பாக இந்த முகாமின் தேதிகளைத்தான் எடுத்து நீட்டப்போகிறோம். எங்களுக்கு அதில் கமிஷன் கிடையாது. முகாம் முடித்தவர்களில் பாதிப் பேராவது அடுத்த வருஷம் நண்பர்களோடு டிக்கெட் கேட்டு வருவார்கள் என்பது எங்கள் கணக்கு.