7 காட்டினால் போதும் என்று யார் சொன்னது? இறால் குளமும் பி.எச். மீட்டரும்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையோர இறால் பண்ணைகளுக்கு நீர்ப் பரிசோதனை செய்து கொடுப்பது என் தொழில். சென்ற மாதம் ஒரு பண்ணையாளர், பாதி வளர்ந்த வன்னாமி இறால் தினமும் செத்து ஒதுங்குவதாகச் சொல்லி, தண்ணீர் மாதிரியோடு தம் குறிப்பேட்டையும் கொண்டுவந்தார். இரண்டு வாரமாகக் காலை பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7.2ஐ ஒட்டியே இருந்தது. பிற்பகல் அளவு 8.0இலிருந்து 8.2க்கு ஏறியிருந்தது. காலை அளவு குறைவாக இருக்கிறதே என்று அவர் நாள் தவறாமல் நீற்றிய சுண்ணாம்பு இட்டு வந்திருக்கிறார்.

அன்று பிற்பகலே குளத்துக்குப் போனேன். அவருடைய மீட்டர் 8.2 காட்டிய அதே தண்ணீரில் என் மீட்டர் 9.0 காட்டியது. அவருடையதை 7 பஃபர் கரைசலில் (மீட்டரைச் சோதிக்க உதவும், பி.எச். தெரிந்த கரைசல்) நனைத்தால் 6.8, 10 பஃபரில் நனைத்தால் 8.9. அதாவது மூன்று அலகு வேறுபாட்டை அது 2.1 அலகாகச் சுருக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தால், அவர் பயந்த காலை 7.2 உண்மையில் 7.6, அதற்குச் சுண்ணாம்பே தேவையில்லை. பயப்பட வேண்டிய 9.0தான் அவர் கண்ணுக்கு நல்ல அளவாகத் தெரிந்திருக்கிறது. பி.எச். 7.6இல் குளத்து நீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் இறாலுக்கு நச்சான வடிவம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. 9இல் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். இந்தப் பருவத்தில் நான் பார்க்கும் நான்காவது குளம் இது.

“சார், போன வாரம்தான் சோதிச்சுப் பார்த்தேன், 7 கரைசல்ல கிட்டத்தட்ட சரியாத்தானே காட்டுச்சு” என்றார் அவர். நான்கு பேரும் இதையேதான் சொன்னார்கள். தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். மீட்டரின் நுனியில் குமிழோடு இருக்கும் கண்ணாடி மின்முனை 7இல் ஏறத்தாழ சுழி மில்லிவோல்ட்தான் தரும். அங்கிருந்து விலகும் ஒவ்வோர் அலகுக்கும், 25 டிகிரி வெப்பத்தில், சுமார் 59 மில்லிவோல்ட் தர வேண்டும். மின்முனை மூப்படைந்தால் குறைவது இந்த 59தான். சுழி பெரும்பாலும் சுழியாகவே இருக்கும். ஆகவே செத்துக்கொண்டிருக்கும் மின்முனையும் 7 கரைசலில் தேர்ச்சி பெற்றுவிடும். குமிழில் மயிரிழை விரிசல் விழுந்த மின்முனையோ எதில் நனைத்தாலும் 7ஐ ஒட்டியே காட்டும். தட்டு இரண்டும் காலியாக இருக்கும்போது தராசு முள் நடுவில் நிற்பது, எடைக்கல் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. கரைசலில் நனைத்து மீட்டரின் அளவைச் சரிப்படுத்துவதுதான் திருத்தம். இரண்டாவது கரைசல் இல்லாமல் செய்யும் திருத்தத்தை நான் திருத்தமாகவே கருதுவதில்லை.

அந்த இரண்டாவது கரைசல் எது என்பதிலும் தவறு நடக்கிறது. விலை குறைந்த பேனா மீட்டர்களின் பெட்டியில் பெரும்பாலும் 4.00, 6.86 பொட்டலங்களே இருக்கும். நம் கடல்நீரே 8க்கு மேல், குளம் 7.5க்கும் 9க்கும் இடையில் ஊசலாடுகிறது. 4ஐ வைத்துத் திருத்தி என்ன பயன்? 6.86 உடன் 9.18, அல்லது 7 உடன் 10 என்று, குளத்தின் அளவு இரண்டுக்கும் நடுவில் விழும்படி வாங்குங்கள். பொட்டலத்தைக் காய்ச்சி வடித்த நீரில், அதில் எழுதியிருக்கும் அளவுக்கே கரைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்த கரைசலை ஒருவர் என்னிடம் காட்டினார். இந்தக் கரையில் அந்தக் கிணற்று நீரின் உப்பு அவருக்கே தெரியும்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். 9.18 என்பது 25 டிகிரிக்கு உரிய அளவு. 30 டிகிரியில் அதே கரைசல் 9.14, 35இல் 9.10. மீட்டரில் உள்ள தானியங்கி வெப்பத் திருத்தம் மின்முனையின் மில்லிவோல்ட் கணக்கைச் சரிசெய்யுமே தவிர, கரைசலின் உண்மையான பி.எச். மாறுவதை மாற்றாது. கரைசலை வெயிலில் வைக்காமல் குளத்து நீரின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அந்த வெப்பத்துக்கு உரிய எண்ணுக்குத் திருத்துங்கள்.

வாரம் ஒரு முறையாவது திருத்துங்கள். சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கும் முன் கட்டாயம் ஒரு முறை. ஒவ்வொரு கரைசலுக்கும் இடையில் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். சட்டை நுனியில் தேய்க்காதீர்கள். எண் அசையாமல் நிற்கும் வரை பொறுங்கள். கோப்பையில் ஊற்றிய கரைசலைப் புட்டியில் திரும்ப ஊற்ற வேண்டாம், 9.18உம் 10உம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் குறைந்துவிடும், மூடியை உடனே மூடுங்கள். குமிழ் காயக் கூடாது. அதைப் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் வையுங்கள், காய்ச்சி வடித்த நீரில் ஒருபோதும் ஊறப்போடாதீர்கள். திருத்திய பிறகும் சரிவு (அலகுக்குத் தர வேண்டிய 59 மில்லிவோல்ட்டில் மின்முனை உண்மையில் தரும் பங்கு) நூற்றுக்கு 90ஐத் தொடாவிட்டால் மின்முனையை மாற்றிவிடுங்கள். அவருடையது 70இல் இருந்தது.

பரிசோதனைக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது மீட்டரையும் எடுத்து வாருங்கள். இரண்டு கரைசலிலும் நனைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.