புதுக் கண்ணாடியும் ஆடும் படிகளும்

கொழும்பில் ஒருவர் முதல்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தால், சமதரையில் நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். மலையகத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஹட்டன் டவுனில் கண்ணாடியை வாங்கி மாட்டியவருக்கு முதலில் கடைப்படி, அப்புறம் பஸ் படி, அப்புறம் வளைவுக்கு மேல் வளைவு, கடைசியில் தோட்டத்து ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் கோணல்மாணலான கல்படிகள். "படி கிட்ட வர்ற மாதிரி இருக்கு", "தரை சரிஞ்சு கிடக்கு", "தலை கிறுகிறுங்குது" என்று முதல் வாரத்தில் புலம்பாதவர்கள் குறைவு. ஒன்றிரண்டு வாரத்தில் இவை அடங்கிவிடும். உடனே அடுத்தது தொடங்கும்: "கண்ணாடியைக் கழற்றினா முன்னைவிட மங்கலாத் தெரியுது. கண்ணு இன்னும் கெட்டுப்போச்சு."

இரண்டு புலம்பலும் பொய்யில்லை. ஆனால் இரண்டும் பிறக்கிற இடம் மூளை. அது புரிந்துவிட்டால், புதுக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிற பழக்கம் பாதியாவது குறையும்.

முதலில் குறும்பார்வை (தூரத்தில் உள்ளவை மங்கலாகத் தெரியும் குறை, கிட்டப்பார்வை என்றும் சொல்வார்கள்) எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். பிறக்கும்போது நம் கண்விழியின் நீளம் முன்னிருந்து பின்னுக்குச் சுமார் 17 மில்லிமீற்றர். வளர்ந்தவருக்கு அது சுமார் 24. இந்த வளர்ச்சி கொஞ்சம் அளவு மீறினால், தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக நீண்டாலே இரண்டரை முதல் மூன்று டயோப்டர் வரை குறும்பார்வை வந்துவிடும். டயோப்டர் என்பது கண்ணாடியின் பவரை அளக்கும் அலகு, பயமுறுத்துகிற கணக்கு இல்லை. 1 மீற்றரை உங்கள் பவரால் வகுத்துக்கொள்ளுங்கள். வருகிற விடைதான் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் கடைசித் தூரம். மைனஸ் 1 என்றால் 1 மீற்றர். மைனஸ் 2 என்றால் அரை மீற்றர். மைனஸ் 4 என்றால் வெறும் 25 சென்ரிமீற்றர்.

இதனால்தான் குறும்பார்வை பல ஆண்டுகள் ஒளிந்துகொண்டிருக்க முடிகிறது. மைனஸ் ஒன்றரை உள்ள ஒரு பெண் மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் அவர் கைக்கெட்டும் தூரத்தில், அதாவது அவருடைய தெளிவுக்குள்ளேயே இருக்கின்றன. வேலையில் ஒரு குறையும் தெரியாது. அடுத்த மலையில் நிற்பவர் யார் என்பதைச் சேலை நிறத்தையும் நடையையும் வைத்தே சொல்லிவிடுவார். அவருடைய பிள்ளைக்குத்தான் சிக்கல் வெளியே தெரியும். கரும்பலகை நாலு மீற்றர் தள்ளி இருக்கிறதே! பிள்ளை கண்ணை இடுக்கிப் பார்க்கத் தொடங்கும். அது வெறும் பழக்கக்கோளாறு இல்லை. இமைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறுகும்போது ஒளிக்கற்றை மெலிந்து, மங்கலும் உண்மையிலேயே குறைகிறது.

மங்கல் எவ்வளவு என்பதையும் கணக்குப் போடலாம். கண்மணி (கண்ணின் நடுவே ஒளி நுழையும் கறுப்புத் துளை) எவ்வளவு விரிந்திருக்கிறதோ, பவர் எவ்வளவோ, இரண்டையும் பெருக்கினால் போதும். சிவனொளிபாதமலை சீசனில், மார்கழி முதல் வைகாசி வரை, மலைப்பாதை முழுக்க விளக்கு எரியும். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலைமேல் புள்ளி புள்ளியாக ஓடும் கோடு அது. இருட்டில் கண்மணி 6 மில்லிமீற்றர் அளவுக்கு விரிந்திருக்கும் மைனஸ் 2 பார்வைக்காரருக்கு, கண்ணாடி இல்லாவிட்டால் அந்த ஒவ்வொரு விளக்கும் முழுநிலவைவிடப் பெரிய ஒளிவட்டமாகத் தெரியும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பாதை என்று ஒன்று இருப்பதே தெரியாது. பகலில் கண்மணி சுருங்கிவிடுவதால் வட்டமும் சுருங்கும். "ராத்திரிதான் ஜாஸ்தி மங்கல்" என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

குழிவு லென்ஸ் இந்த ஒளியைக் கொஞ்சம் விரித்து, குவியும் புள்ளியைப் பின்னால் தள்ளி, விழித்திரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. குழிவு லென்ஸ்கள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தாலும், அவை ஏன் வேலை செய்கின்றன என்று 1604இல் சரியாக விளக்கியவர் வானியலாளர் யோகான்னஸ் கெப்லர். தெளிவு கிடைத்துவிட்டது. ஆனால் லென்ஸ் தெளிவை மட்டும் தருவதில்லை. கேட்காத வேறு சிலவற்றையும் சேர்த்துத் தருகிறது.

ஒன்று, எல்லாவற்றையும் சற்றுச் சிறிதாக்கிக் காட்டும். கண்ணிலிருந்து 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கும் மைனஸ் 4 லென்ஸ், உருவத்தை ஏறத்தாழ 5 வீதம் சுருக்கும். சிறிதாகத் தெரிவதைத் தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொள்வது மூளையின் வழக்கம். அப்புறம், நேர்கோடுகள் ஓரத்தில் லேசாக வெளிப்பக்கம் வளையும். கதவு நிலை வயிறு பெருத்தது போல் தெரிவது அதனால்தான்.

படிச் சிக்கல் இவற்றைவிடச் சுவாரசியமானது. குழிவு லென்ஸ் நடுவில் மெல்லியது, ஓரத்தில் தடித்தது. அதன் நடுவழியாகப் பார்த்தால் ஒளி நேராக வரும். ஓரத்தின் வழியாகப் பார்த்தால் அந்த இடம் ஓர் அரியம் (ஒளியைத் திசைதிருப்பும் ஆப்பு வடிவக் கண்ணாடி) போல வேலை செய்து, பொருளை லென்ஸின் நடுவை நோக்கி நகர்த்திக் காட்டும். எவ்வளவு நகர்த்தும்? நடுவிலிருந்து விலகிய தூரத்தை சென்ரிமீற்றரில் எடுத்துப் பவரால் பெருக்குங்கள். மைனஸ் 2 லென்ஸில் ஒன்றரை சென்ரிமீற்றர் கீழே பார்த்தால் விடை 3. அதாவது ஒரு மீற்றர் தூரத்தில் 3 சென்ரிமீற்றர் விலகல். கண்ணிலிருந்து காலடிப் படி ஒன்றரை மீற்றர் என்றால் நாலரை சென்ரிமீற்றர். படி இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் அதற்குக் கொஞ்சம் மேலே. கால் தேவைக்கு மேல் தூக்கி வைக்கப்படும், அல்லது எதிர்பார்க்காத இடத்தில் போய் இறங்கும். மழை நாளில் பாசி பிடித்த கல்படியில் இந்த நாலரை சென்ரிமீற்றர் சின்ன விஷயம் இல்லை. இதற்கு வழி எளிது: முதல் சில நாட்களில் படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் முகத்தையே குனிந்து, லென்ஸின் நடுவழியாகப் பாருங்கள்.

தலைசுற்றலுக்கு வேறு கதை. நீங்கள் தலையை வலப்பக்கம் திருப்பும்போது, கண்கள் அதே அளவு இடப்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. உள்காதிலிருந்து வரும் செய்தியை வைத்து நடக்கும் இந்த அனிச்சைச் செயலுக்கு ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விநாடிதான் ஆகும். இது மட்டும் இல்லையென்றால் நடக்கும்போது உலகம் குலுங்கிக்கொண்டே இருக்கும். சரி, இப்போது தலையோடு சேர்ந்து திரும்பும் ஒரு மைனஸ் 4 லென்ஸை முன்னால் வையுங்கள். காட்சி சுருங்கியது, கண் சுழலும் மையமோ லென்ஸிலிருந்து இன்னும் தள்ளி உள்ளே இருக்கிறது. அதனால் திரும்புவதில் வித்தியாசம் அந்த 5 வீதத்தைவிடக் கூடும்: கண் முன்பு திரும்பிய அளவில் பத்தில் ஒரு பங்கு குறைவாகத் திரும்பினாலே போதும். ஆனால் மூளைக்கு அது இன்னும் தெரியாது. பழைய கணக்கிலேயே திருப்புகிறது. காட்சி விழித்திரையில் வழுக்குகிறது. தரையும் சுவரும் நீந்துகின்றன. போதாக்குறைக்கு, கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே தெரியும் ஓரக்காட்சிக்கு லென்ஸ் கிடையாது, அங்கே பழைய கணக்குத்தான் சரி. கினிகத்தேனை வளைவுகளிலோ ரம்பொடை வளைவுகளிலோ பஸ்ஸில் உட்கார்ந்து புதுக் கண்ணாடியை முதல் தடவையாக மாட்டிப் பார்ப்பதைவிட மோசமான யோசனை எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பிழையைத் திருத்துவது சிறுமூளை. காட்சி வழுக்குவதையே பிழைச் செய்தியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தலையசைவுக்கும் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வரும். மூளை எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கும் என்பதை 1890களின் கடைசியில் அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் ஸ்ட்ராட்டன் தன்னையே வைத்துச் சோதித்தார். உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை எட்டு நாள் அணிந்திருந்தார். முதலில் எதைத் தொடப்போனாலும் கை எதிர்ப்பக்கம் போனது. போகப்போக, யோசிக்காமலே நடமாடவும் பொருட்களைச் சரியாக எடுக்கவும் பழகிவிட்டார். தலைகீழ் உலகத்துக்கே பழகுகிற மூளைக்கு நம்முடைய ஐந்து வீதம், பத்து வீதம் எல்லாம் எம்மாத்திரம்? ஒரே நிபந்தனை, பிழையைப் பார்க்க அதற்கு வாய்ப்புத் தர வேண்டும். வகுப்பில் அரை மணி நேரம் மாட்டி, மீதி நாள் முழுக்கப் புத்தகப்பையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கும். நீண்டகாலம் அணிந்தவர்களின் மூளை இரண்டு கணக்கையும் கைவசம் வைத்திருக்கும். மாட்டினால் ஒன்று, கழற்றினால் மற்றது என்று தாவிக்கொள்ளும்.

இனி அந்த இரண்டாவது புலம்பல். "பிஞ்சுக் கண்ணு, இப்பவே மாட்டினா பவர் ஏறிக்கிட்டே போகும், வேணாம்டா தம்பி" என்று அம்மாயி சொல்வதற்கு ஆதாரமாக இருப்பது இந்த அனுபவம்தான்: கழற்றினால் முன்னைவிட மங்கல்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிப்பார்கள் அல்லவா, மூளையும் அப்படித்தான் மங்கலைக் கழித்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் மங்கலையே பார்த்துப் பழகிய மூளை, அதையே இயல்பு என்று வைத்துக்கொண்டு, இருக்கிற துப்பிலிருந்து எழுத்தை ஊகித்துத் தந்தது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல பார்வை உள்ளவர்களுக்கு ஒரு டயோப்டர் மங்கலைத் தரும் லென்ஸை மாட்டிவிட்டார்கள். அரை மணி நேரத்திலேயே, அந்த மங்கலின் ஊடாக அவர்கள் எழுத்துகளைப் படிக்கும் திறன் கூடியது. கண் மாறவில்லை, கழிவு தொடங்கியிருந்தது. நீங்கள் கண்ணாடி அணிந்து சில வாரம் தெளிவைப் பார்த்த பிறகு, மூளை அந்தக் கழிவை நிறுத்திவிடுகிறது. கழற்றும்போது தெரிவது உங்கள் கண்ணின் பழைய மங்கல்தான், கழிவு எதுவும் இல்லாத முழு நிறையில். கூடவே, ஒரு மரத்தில் இத்தனை இலை உண்டு என்று பார்த்துவிட்டவருக்குப் பழைய பச்சைத் திட்டு இனிமேல் போதாது.

பவர் ஏறுவதும் உண்மைதான், ஆனால் அது கண்விழி வளர்வதால் ஏறுவது. பதின்ம வயது முடியும்வரை பலருக்கு அது நீண்டுகொண்டிருக்கும். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் நீளும். பவரை வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்தால் வளர்ச்சி அடங்குமோ என்று மலேசியாவில் சிறுவர்களிடம் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த பவர் கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் குறும்பார்வை சற்று வேகமாகக் கூடியிருந்தது. அம்மாயி கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி: பிள்ளை பகல் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பற்றி. 2008இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், சிங்கப்பூரில் வாழும் 6, 7 வயதுச் சீன வம்சாவளிச் சிறுவர்களில் 29 வீதமானோருக்குக் குறும்பார்வை. சிட்னியில் வாழும் அதே வம்சாவளி, அதே வயதுச் சிறுவர்களில் 3 வீதம்தான். பெரிய வேறுபாடு, வெளியில் இருக்கும் நேரம்: சிட்னியில் வாரத்துக்குச் சுமார் 14 மணி, சிங்கப்பூரில் 3. பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமீன் என்ற வேதிப்பொருளைக் கூட்டி, விழி நீள்வதை அடக்குகிறது என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம். புலமைப்பரிசில் வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிரிக்கெட் விளையாடும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். நமக்குச் சுற்றிலும் திறந்த மலை இருக்கிறது, காசு கேட்பதில்லை.

படிக்கும்போது வரும் களைப்புக்கும் காரணம் உண்டு. மைனஸ் 2 பார்வைக்காரர் கண்ணாடி இல்லாமல் 33 சென்ரிமீற்றரில் புத்தகம் படிக்க, கண்ணின் உள்தசை 1 டயோப்டர் அளவுக்கு உழைத்தால் போதும். கண்ணாடியோடு படித்தால் 3. இத்தனை நாள் சும்மா இருந்த தசை திடீரென்று முழுவேலைக்கு வருகிறது. சிறுவர்களிடம் அது சீக்கிரம் சரியாகிவிடும்.

பழகுகிற சங்கடம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு மூன்று வாரம் கடந்தும் அப்படியே இருந்தால், அல்லது ஒன்று இரண்டாகத் தெரிந்தால், தலைவலி விடாமல் இருந்தால், பழகட்டும் என்று பொறுத்திருக்கக் கூடாது. பவரில் தவறு இருக்கலாம். லென்ஸின் நடு உங்கள் கண்மணிக்கு நேரே அமையாமல் போயிருக்கலாம். அப்படியானால் நேராகப் பார்க்கும்போதும் அரியத்தின் வழியாகவே பார்க்கிறீர்கள். அண்ணன் கண்ணாடியைத் தம்பிக்குக் கொடுப்பதில் உள்ள சிக்கலும் இதுவே, பவர் ஒன்றாக இருந்தாலும்கூட. மேடேறி வியர்த்து மூக்கில் வழுகும் சட்டத்தையும் கடையில் கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள்: மைனஸ் லென்ஸ் கண்ணை விட்டு விலக விலக, அதன் பலம் குறைகிறது.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை பாக்கி. நுவரெலியா விடியற்காலைக் குளிரில் நடந்துவிட்டு விறகடுப்பு எரியும் குசினிக்குள் நுழைந்தால், கண்ணாடி ஒரு நொடியில் வெளுத்துவிடும். குளிர்ந்த லென்ஸில் பட்ட ஈரக்காற்று நுண்துளிகளாகப் படிந்து, ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைத் தண்ணீரோடு தேய்த்து, மென்துணியால் ஒற்றி எடுத்தால், படியும் நீர் துளியாகாமல் மெல்லிய படலமாகப் பரவும், ஓரளவு தெரியும். சலவைத்தூள் வேண்டாம், லென்ஸைக் கீறிவிடும். வெளியே இறங்கும் பனிமூட்டம் வேறு சங்கதி. துளிகள் காற்றிலேயே தொங்குகின்றன. அதற்கு எந்தப் பவரிலும் கண்ணாடி இல்லை. நல்ல கண் உள்ளவருக்கும் நமக்கும் அங்கே ஒரே பார்வைதான்.

இந்தக் கண்ணுக்கு ஒரு நாள் ஒரு லாபமும் உண்டு. நாற்பது தாண்டியதும் எல்லோருக்கும் கண்ணின் உள்வில்லை விறைத்து, கிட்டத்தில் படிப்பது சிரமமாகும். அப்போது மைனஸ் இரண்டரை உள்ளவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 40 சென்ரிமீற்றரில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் படிப்பார். சின்ன வயதில் அவருடைய கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த கூட்டாளிதான் அப்போது வாசிப்புக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.