ஐவிஎஃப் சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

ஐவிஎஃப்பில், அதாவது கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சையில், கர்ப்பமாகி, ஸ்கேனில் இரட்டைக் குழந்தை என்று தெரிந்ததும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஏழாம் மாதமே பிரசவமாகி, இரண்டு குழந்தைகளும் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) கிடக்கும்போது அதே குடும்பங்கள் கேட்பது, "இப்படி ஆகலாம்னு முன்னாடியே யாரும் சொல்லலையே?" என்பதுதான். சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதையும் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நாடு முழுக்க நடைமுறையில் உள்ளது. பின்னணி இவ்வளவு போதும். உங்களுக்குத் தேவை அதன் 21ஆவது பிரிவு. சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, ஒன்றுக்கு மேற்பட்ட கரு தங்குவதால் வரும் ஆபத்து, எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்க வேண்டியது கிளினிக்கின் கடமை என்கிறது அது. நடப்பது என்ன? பணம் கட்டும் கவுன்டரில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் ஒரு கன்சென்ட் ஃபார்மை நீட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று விரலால் காட்டுவார்கள். அங்கேயே போட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, புரியாததைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டபின் ஒரு நகல் வாங்குங்கள். போட்டுவிட்டாலும், கருவைக் கருப்பையில் வைக்கும் முன்புவரை சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

இரட்டைக் குழந்தை விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐவிஎஃப் குழந்தைகளைப் பற்றிப் பல நாடுகளில் பல்லாண்டுகளாக வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: குறைமாதப் பிரசவமும் எடைக்குறைவும் பெரும்பாலும் இரட்டையர், மூவரிடம்தான் குவிந்திருக்கின்றன. தாய்க்கும் ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் கூடுகின்றன. ஒற்றைக் குழந்தையாகப் பிறந்தாலும் ஆபத்து சற்றே அதிகம்தான். ஆனால் அதில் ஒரு பங்கு சிகிச்சையால் வந்ததல்ல, கருத்தரிக்க முடியாமல் போன அதே உடல்நிலைக் காரணங்களால் வருவது. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். நல்ல கருக்கள் கிடைத்த, வயது குறைந்த பெண்களுக்கு ஒரு கருவை மட்டும் வைத்து, மற்றதை உறையவைத்து அடுத்த முறை பயன்படுத்தினால், குழந்தை பிறக்கும் வாய்ப்பு பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே, "எத்தனை கரு வைக்கப் போகிறீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

வாசலில் தொங்கும் 'வெற்றி விகிதம்' போர்டையும் நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அது ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியான கணக்கு. குழந்தை கையில் வந்த கணக்கு வேறு. என் வயதில் சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது, அதில் இரட்டை எத்தனை என்று கேளுங்கள்.

இனி, ஆட்கள் வழுக்கி விழும் இடங்கள். இந்தச் சட்டப்படி கிளினிக் செய்துகொள்ளும் பதிவில் இரண்டு நிலை உண்டு. முதல் நிலைப் பதிவுள்ள கிளினிக் ஐயூஐ, அதாவது விந்தணுவை நேரே கருப்பையில் செலுத்தும் சிகிச்சை, மட்டுமே செய்யலாம். ஐவிஎஃப் செய்ய இரண்டாம் நிலை வேண்டும். வெளியே இரண்டுக்கும் 'கருத்தரிப்பு மையம்' என்றுதான் போர்டு இருக்கும், சான்றிதழைக் காட்டச் சொன்னால்தான் தெரியும்.

வயது: பெண்ணுக்கு 21க்கு மேல், 50க்குள். ஆணுக்கு 21க்கு மேல், 55க்குள். உறையவைத்த கருவுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பொதுவாக 10 ஆண்டுவரை சேமிக்கலாம் என்பது சட்டம், ஆனால் அதற்குள் உங்களுக்கு 50 ஆகிவிட்டால் அந்தக் கருவை உங்களுக்கு வைக்க மாட்டார்கள். ரசீது போடுகிறவர் இதைச் சொல்வதில்லை. வயதுக்குச் சான்றாகக் காட்டும் ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். அப்பா இனிஷியலில் ஒரு அட்டை, கணவர் இனிஷியலில் இன்னொரு அட்டை என்று இருந்தாலும் அப்படித்தான். ஊசி ஆரம்பித்தபின் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

சிகிச்சை முடிந்ததும், என்னென்ன செய்யப்பட்டது என்ற விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சான்றிதழ் தர வேண்டும். கேட்காவிட்டால் பில்லோடு அனுப்பிவிடுவார்கள். எத்தனை கரு வைத்தார்கள் என்பது பிரசவம் பார்க்கும் மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 'மூணு மாசம் முடியட்டும், வெளியே சொல்ல வேண்டாம்' என்று பிக்மி பதிவை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்து எண் வாங்குவதை, தள்ளிப்போடுகிறார்கள். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். 12 வாரத்துக்குள் சுகாதார செவிலியரிடம் பதிந்துவிடுங்கள். எப்படிக் கருத்தரித்தீர்கள் என்று அவரிடம் விளக்க வேண்டியதில்லை.

ஏமாற்றப்பட்டால் பலரும் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தை, இதற்கென உள்ள தேசிய அல்லது மாநில வாரியமோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ புகார் தந்தால்தான் நீதிமன்றம் எடுக்கும். அதனால் ஸ்டேஷனில் கையை விரிப்பார்கள். முதலில் கிளினிக்கின் குறைதீர் பிரிவில் எழுத்தில் கொடுங்கள், அப்படி ஒரு பிரிவு இருப்பது கட்டாயம். 'அந்த மேடம் லீவு' என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்தது இந்தச் சட்டத்தின் கீழ் மாநில அரசு அமைத்துள்ள அதிகார அமைப்பு. அங்கே போகும் மனு மேஜை மேஜையாக நகரும். அது நகரும்வரை காத்திருக்க வேண்டாம், பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தனியாகப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. கெடு, பிரச்சினை நடந்ததிலிருந்து 2 ஆண்டு.